பன்னிரண்டிலேயே இருக்கட்டும்

இரவு ஒன்றே காலுக்கு
கிளினிக் தரவுத்தளத்தை நிறுத்தினோம்.
இஃபாஸ் மூன்றாம் தரமும் பிரதியைத் திறந்து பார்த்தான்.
திறந்து பார்க்காத பிரதி வெறும் நம்பிக்கை என்பான்.
சன்னலுக்கு வெளியே
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது.

பன்னிரண்டு பத்தொன்பதாக
இரண்டு மணித்தியாலமும் ஏழு நிமிடமும்.
நடுவில் அறுபத்துமூன்று வீதத்தில் அசையாமல் நின்று
எங்கள் இருவரையும் பேச்சற்று வைத்தது.

பிறகு அந்த ஒற்றை வரி.
அமைப்புக் கோப்பில் நாற்பத்தோராவது:
இணக்கம் = 12.
இயந்திரம் புதிது, நடத்தை பழையது.
கப்பல் துறையை விட்டு விலகிவிட்டது,
ஒரு கயிறு மட்டும் இன்னும் கரைக்குற்றியில்.

கொழும்பிலிருந்து தனுக, கொட்டாவிக்கு நடுவே:
"பத்து நாள் பாருங்கோ. பிரச்சினை இல்லாட்டி பத்தொன்பதாக்குங்கோ.
ஆக்கினாப் பிறகு கீழ இறங்கேலாது, விளங்குதா?"
விளங்கியது.
இறங்கலாம் என்பது
இறங்க வேண்டிவராதவரை
யாரும் எண்ணிப் பார்க்காத சொத்து.

சோதனைப் பிரதியில் எண்ணை உயர்த்தி
விடிந்தால் நடக்கவிருக்கும்
நீரிழிவுக் கிளினிக்கின் பட்டியலை எடுத்தேன்.
நூற்றிப் பதினான்கு பெயர். சரி.
மருந்துக் கூட்டுத்தொகை சரி.
ஒரு பிழைச்செய்தி இல்லை. எழும்பிவிட்டேன், தேத்தண்ணிக்கு.

"ஜெஸீமா ராத்தா எங்க?"

சகாயராணிக்குக் கீழே, ஞானேஸ்வரிக்கு மேலே
முப்பத்தெட்டாவதாக இருந்தவள்
தொண்ணூற்றேழில் இருந்தாள், றஹீமாவுக்கும் பின்னால்.
ஜலால்தீன் அங்கே. ஜோசப்பின் அங்கே.
உவர்மலை ஜெயசோதியும் அங்கே.
ஸ, ஹ எப்போதும் கடைசியில்தான்,
அவர்களுக்குப் பழக்கம்.
இம்முறை ஜ மட்டும் இடம்பெயர்ந்திருந்தது.

புதிய வரிசையில் பிழையென்று ஒன்றுமில்லை.
பதினெட்டு மெய்யும் முடிந்தபிறகே வடவெழுத்து,
அகராதிக்காரர் கேட்டால் தலையாட்டுவார்.
பழையதுதான் தற்செயல்:
எந்த எழுத்துக்கு எந்த இலக்கமென்று
எங்கோ யாரோ எப்போதோ கொடுத்தபடி
சகரத்துக்குப் பக்கத்தில் ஜகரம்
குடியிருந்து போனது.

ஆனால் ரொஷாந்தி மிஸ்
பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் கூப்பிடுவா.
தொண்ணூற்றேழு என்றால் பின்னேரம் மூன்றரை.
மூதூருக்கு லோஞ்சு இரண்டு மணிக்கு.
போன மாதம் அச்சு இயந்திரம் சிக்கியபோது
ஜெஸீமா இஃபாஸைப் பேசிய பேச்சு
மகப்பேற்று வார்டுவரை கேட்டது.
அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர்
வரிசையில் எங்கே வருமென்று தெரியும்.
எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன்.

முறைப்பாட்டுப் படிவத்தில்
பாதிப்பின் அளவுக்கு நான்கு தெரிவு:
உயிராபத்து, உயர், நடுத்தரம், தோற்றம் மட்டும்.
லோஞ்சைத் தவறவிடுதல் இல்லை.
தனுக ஏற்கனவே நிரப்பி அனுப்பியிருந்தார்:
தோற்றம் மட்டும்.
அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை,
கொழும்பிலிருந்து பார்த்தால் அது
ஒரு எழுத்து நகர்ந்த கதை.

நடுத்தரம் என்று மாற்றினேன்.
அழித்து, உயர் என்று போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில் நீளமாக எழுதத் தொடங்கி
கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:
கூப்பிடும் ஒழுங்கைப் பெயரிலிருந்து கழற்றி
வந்த நேரத்தில் கட்டும்வரை
பன்னிரண்டிலேயே இருக்கட்டும்.

"அப்ப ஹயாத்தும்மாவும் முன்னுக்கு வருவா" என்றான் இஃபாஸ்.
இ-யில் தொடங்குகிறவன்,
பள்ளிக்கூட இடாப்பிலிருந்தே முதல் பக்கம்.
அது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

ஆறு மணிக்குச் சேவையைத் திறந்தோம்.
ஏழரைக்கு முதல் தாள் வெளியே வந்தது.
ரொஷாந்தி மிஸ்ஸின் விரல்
சகாயராணியில் நின்று, ஒரு வரி இறங்கி,
கூப்பிட்டது.

குடையை மடக்கிக்கொண்டு எழும்பியவள்
எங்கள் கண்ணாடிக் கதவைப் பார்த்துத்தான் கத்தினாள்:
"மெசின் இண்டைக்காவது ஒழுங்கா ஓடுதா தம்பி?"

ஓடுது ராத்தா.
இன்னும் ஒன்பது நாள்.